செல் சவ்வு மின்னழுத்த வேறுபாடு

உயிருள்ள செல்லின் உள்ளும் புறமும் சவ்வின் குறுக்கே நிலவும் மின்னழுத்த வேறுபாடு. மில்லிவோல்ட்டில் அளக்கப்படுகிறது. வெளிப்புறத்தைச் சுழியமாகக் கொள்வது மரபு. அதனால் ஓய்விலிருக்கும் நரம்பின் அழுத்தம் எதிர்க்குறி பெறும்.

இந்த வேறுபாட்டை உறுதிசெய்து தந்தது ஊசிக்கணவாய். செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம், மாமல்லபுரம் கரைகளில் வலையேறும் கணவாயும் அதே குடும்பம்தான். அதன் உடலை நீளவாக்கில் கீறி விரித்தால், உட்சுவரில் விண்மீன் வடிவ நரம்பு முடிச்சும், அதிலிருந்து விசிறியாகப் பிரியும் வெண்ணிழைகளும் தெரியும். ஆபத்தில் நீரைப் பீய்ச்சித் தப்பியோட உடலை ஒரே நொடியில் சுருக்குபவை இவை. சமையலுக்கு நறுக்கும் கை கவனிக்காமல் கடந்துபோகும் இந்த இழைகளின் பருமனே அறிவியலுக்குக் கிடைத்த பேறு. 1939இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இத்தகைய ஓர் இழைக்குள் மின்முனையைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். 1963இல் இருவரும் எக்கிள்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்படி அளந்த அழுத்தத்தை அயனிச் செறிவுகளிலிருந்து கணக்கிடவும் முடியும். ஓர் அயனியின் சமநிலை அழுத்தத்தை நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிறது. 20 பாகை செல்சியஸில், வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, அதன் பத்தடிமான மடக்கையை 58ஆல் பெருக்க வேண்டும். கணவாய் இழைக்குள் பொட்டாசியம் 400 மில்லிமோலார், வெளியே இரத்தத்தில் 20. விடை −75. சோடியம் உள்ளே 50, வெளியே 440, விடை +55. குளோரைடுக்கு மின்னேற்றம் எதிர் என்பதால் விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

உண்மையான சவ்வு ஒரே அயனிக்கு மட்டும் வழிவிடுவதில்லை. எனவே கோல்ட்மன் சமன்பாடு ஒவ்வொரு செறிவையும் அதன் ஊடுருவுதிறனால் பெருக்கிக் கூட்டுகிறது. பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றின் ஊடுருவுதிறன் விகிதம் ஓய்வில் 1 : 0.04 : 0.45. குளோரைடு உள்ளே 52, வெளியே 560. குளோரைடை இங்கும் தலைகீழாக்கினால், மேல்தொகை 20 + 17.6 + 23.4 = 61; கீழ்த்தொகை 400 + 2 + 252 = 654. இவ்விரண்டின் விகிதத்தின் மடக்கையை 58ஆல் பெருக்கினால் விடை −60 மில்லிவோல்ட்.

பெருக்கும் எண் வெப்பநிலையைப் பொறுத்தது. மருத்துவ மாணவர் மனப்பாடமாக வைத்திருக்கும் 61.5, மனித உடலின் 37 பாகைக்கு உரியது; கணவாய்க்குப் பொருந்தாது. நம் கரையின் வெதுவெதுப்பான நீருக்கு, 30 பாகை எனக் கொண்டால், 60 சரியான எண். செறிவுகளும் ஊடுருவுதிறன் விகிதமும் மாறாதிருந்தால் அப்போது விடை −62 மில்லிவோல்ட்.