நாய்க் கண்காட்சியும் களப் போட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதனோடு முதன்முதலில் உறவு பூண்ட விலங்கு நாயே என்பது அறிஞர் கண்ட முடிவு. ஏர் பிடித்து உழுவதற்கும் ஆடுமாடுகளைப் பழக்குவதற்கும் முன்னரே, வேட்டைக்குத் துணையாகவும் இரவுக்குக் காவலாகவும் அது மனிதனின் குடியிருப்பில் இடம்பெற்றுவிட்டது. அத்துணைத் தொன்மையான இவ்வுறவில், நாயை மேடையில் நிறுத்தி, நடுவரை அமர்த்தி, தரம் பிரித்துப் பரிசு வழங்கும் வழக்கம் மட்டும் மிக அண்மையது. அது முறையாகத் தொடங்கி இன்னும் 170 ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வடநாட்டு நகரங்களின் மைதானங்களில் நடைபெறும் நாய்க் கண்காட்சிகளை நம்மவருள் பலர் குழந்தைகளுடன் கண்டு களித்திருப்பர். குளிப்பாட்டப்பெற்று, மயிர் சீவப்பெற்று, கழுத்தில் மெல்லிய வாருடன் அரசகுமாரர்களைப் போல் நடந்துவரும் நாய்களைக் காணும்போது, ‘எதைக் கண்டு நடுவர் பரிசளிக்கிறார்?’ என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், அது ஒரு நீண்ட வழக்கினுள் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. நாயின் மதிப்பு அதன் வடிவத்தில் உள்ளதா, வினையில் உள்ளதா என்பதே அவ்வழக்கு. இன்றளவும் தீர்ப்புக் கூறப்படாத அவ்வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கியே பரிசு

1859-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28, 29 ஆகிய நாள்களில், இங்கிலாந்தின் வடபகுதியில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரில் நடந்ததையே முறைப்படி அமைந்த முதல் நாய்க் கண்காட்சியாகக் கொள்வர். அதில் இடம்பெற்ற இனங்கள் இரண்டே. ஒன்று பாயிண்டர், மற்றொன்று செட்டர். இரண்டும் வேட்டைத் துணைகள். புதரில் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் உணர்ந்து, அசையாது நின்று, வேட்டைக்காரனுக்கு அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுப்பது பாயிண்டரின் தொழில். அதையே நிலத்தோடு பதுங்கிச் செய்வது செட்டரின் பழைய வழக்கம். வேட்டை நாய்களுக்கான போட்டியாதலின், வென்றவர்க்குத் துப்பாக்கிகளே பரிசாக வழங்கப்பெற்றன.

ஆனால், விந்தை என்னவெனில், அப்போட்டியில் எந்த நாயும் ஓடவில்லை. எந்த நாயும் மோப்பம் பிடிக்கவில்லை. நின்ற கோலத்தைக் கண்டே தீர்ப்பு வழங்கப்பெற்றது. அதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. பாயிண்டர்ப் பிரிவுக்கு நடுவராக இருந்தோருள் ஒருவரின் நாய் செட்டர்ப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. செட்டர்ப் பிரிவுக்கு நடுவராக இருந்தோருள் ஒருவரின் நாய் பாயிண்டர்ப் பிரிவில் முதற்பரிசு பெற்றது! சங்கங்களில் குழந்தைகளுக்குப் பேச்சுப் போட்டியும் பாட்டுப் போட்டியும் நடத்திப் பார்த்தவர்க்கு இச்செய்தி பெருவியப்பு அளிக்காது.

வேட்டை நாயை வேட்டையில் வைத்தன்றோ சோதிக்க வேண்டும்? ஆறே ஆண்டுகளில் இவ்வெண்ணம் செயலுருப் பெற்றது. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், பெட்ஃபோர்டுஷயரில் உள்ள சவுத்ஹில் என்னுமிடத்தில் பாயிண்டர், செட்டர் நாய்களுக்கான முதல் களப் போட்டி நடைபெற்றது. கண்காட்சி ஒரு கிளை, களப் போட்டி ஒரு கிளை என ஒரே மரம் இரண்டாகக் கிளைத்தது அன்றுதான்.

1873: ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

இவ்வரலாற்றில் 1873-ஆம் ஆண்டு தனிச் சிறப்புடையது. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் லண்டனில், நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ஈ. ஷர்லி என்பாரின் முயற்சியால் ‘கென்னல் கிளப்’ என்னும் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. அக்கழகத்தின் முதற்பணி வமிசாவளிப் பதிவேடு ஒன்றை வெளியிட்டதாகும். 1859 முதல் நடந்த கண்காட்சிகளின் முடிவுகளைத் தொகுத்து 1874-இல் வெளியான அந்நூலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இடம்பெற்றன. இன்னாருக்குப் பிறந்தது, இன்ன பரிசு பெற்றது என்று நாய்க்கும் ஒரு பணிப்பதிவேடு ஏற்பட்டுவிட்டது.

பதிவேடுகளோடே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் எழுத்தன் என்ற முறையில் ஒன்று கூற விழைகிறேன். பதிவேடு தோன்றிய இடத்தில் ஒழுங்கு தோன்றும், ஏமாற்று குறையும். ஆனால், பதிவேட்டில் ஏறியதே மெய், ஏறாதது பொய் என்னும் மயக்கமும் உடன் தோன்றிவிடும். கென்னல் கிளப்பின் வரலாற்றில் இவ்விரண்டையும் காணலாம். அழகுக்காக நாயின் காதுமடலைக் கத்தரிக்கும் கொடிய வழக்கத்தை, பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசரின் எதிர்ப்பும் துணைநிற்க, 1898-இல் கண்காட்சிகளிலிருந்து அகற்றிய பெருமை அக்கழகத்துக்கு உண்டு. அதே கழகத்தின் இலக்கண விதிகளே பிற்காலத்தில் நாய்களின் உடலுக்குப் பகையாயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதே 1873-இல், அக்டோபர் 9-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் சிற்றூரில் ஆர். ஜே. லாயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார் ஆட்டுமந்தை நாய்களுக்கான போட்டி ஒன்றை நடத்தினார். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய போட்டிகள் முன்னரே நடந்துள்ளன எனினும், பிரிட்டனில் இதுவே முதலாவது. வென்றவர் அவ்வூரார் அல்லர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து வேல்சில் குடியேறிய இடையர். அவருடைய நாயின் பெயர் டுவீட். பிறந்த மண்ணை விட்டு வந்தவர், வந்த மண்ணில் தம் தொழில்திறத்தால் பெயர் பெற்றார் என்பது நம்மனோர்க்கு உவகை தரும் செய்தியன்றோ!

இருவகைப் பயிற்சி

கண்காட்சிக்கும் களத்துக்கும் நாயை ஆயத்தம் செய்யும் முறைகளை ஒப்புநோக்கினால் இவற்றின் வேறுபாடு தெற்றென விளங்கும்.

கண்காட்சிக்குரிய நாயைச் சின்னஞ்சிறு குட்டியாக இருக்கும்போதே பழக்கத் தொடங்குவர். நான்கு கால்களையும் உரிய இடத்தில் ஊன்றி அசையாது நிற்கவும், அயலார் வாயைத் திறந்து பற்களைப் பார்க்கவும் உடலைத் தடவிப் பார்க்கவும் இடங்கொடுக்கவும், கூட்டத்தையும் ஒலியையும் கண்டு வெருளாதிருக்கவும் அது கற்க வேண்டும். வார் தளர்ந்திருக்க, சீரான நடையில் முக்கோணமாகவும் நேராகவும் நடந்து காட்ட வேண்டும். மயிரைப் பேணுதல் ஒரு தனிக் கலை. முரட்டு மயிர் கொண்ட டெரியர் இனங்களுக்குக் கத்தரி ஆகாது. வெட்டினால் மயிர் மென்மையுற்று நிறம் மங்கும் என்று, முதிர்ந்த மயிரை விரலால் ஒவ்வொன்றாகக் களைவர். பூடில் என்னும் இனத்துக்கு மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் மயிரைப் பந்துபோல் விட்டு ஏனைய இடங்களை மழிப்பதைக் கண்டிருப்பீர்கள். அது தொடக்கத்தில் அழகுக்காக ஏற்பட்டதன்று என்பர். நீரில் பாய்ந்து, சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரும் நாயாதலின், நீந்துவதற்கு எளிதாகவும், மார்பும் மூட்டும் குளிரால் விறைக்காமலும் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தொழில் மறைந்தது, தொழிலின் அடையாளம் அணியாக எஞ்சியது!

மந்தை நாயின் பயிற்சியோ வேறு. இடையன் ஓரிடத்தில் நிற்பான். நாய், மேய்ச்சல் வெளியின் மறுகோடியில் நிற்கும் ஆடுகளை வெருட்டாமல், பேரிக்காய் வடிவில் வளைந்தோடி அவற்றின் பின்புறத்தை அடைதல் வேண்டும். பின்னர் மெல்லக் கிளப்பி, நேர்க்கோட்டில் ஓட்டிவந்து, வாயில்களினூடே செலுத்தி, குறித்த ஆடுகளைப் பிரித்து, இறுதியில் பட்டிக்குள் அடைத்தல் வேண்டும். குரைத்தலோ கடித்தலோ கூடாது. பார்வையாலேயே ஆட்டை அடக்க வேண்டும். சீழ்க்கையொலியும் குரலுமே இருவர்க்கும் இடையிலான மொழி. 1906-இல் தோன்றிய அனைத்துநாட்டு மந்தை நாய்ச் சங்கத்தின் முறைப்படி, வளைந்தோடுதலுக்கு 20, கிளப்புதலுக்கு 10, கொணர்தலுக்கு 20, செலுத்துதலுக்கு 30, பிரித்தலுக்கு 10, பட்டியில் அடைத்தலுக்கு 10 என மொத்தம் 100 மதிப்பெண்கள். நடுவர் முழு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கிப் பிழைதோறும் கழித்துக்கொண்டே வருவார். நாயின் நிறம், காதின் அமைப்பு, வாலின் வளைவு ஆகியவற்றுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. வமிசம் அறியப்படாத நாயும் தன் தொழில்திறத்தை மெய்ப்பித்தால் அச்சங்கத்தின் பதிவேட்டில் ஏற வழியுண்டு.

பரிசு வளர்த்த நோய்

கண்காட்சியை மக்கள் திருவிழாவாக ஆக்கியவர் சார்லஸ் கிரஃப்ட். நாய்களுக்கான ரொட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அலுவலகப் பையனாகச் சேர்ந்து மேலாளராக உயர்ந்த அவர், 1886-இல் டெரியர் இனங்களுக்கு மட்டுமான ஒரு கண்காட்சியையும், 1891-இல் தம் பெயராலேயே எல்லா இனங்களுக்குமான பெருங்கண்காட்சியையும் லண்டனில் நடத்தினார். 1938-இல் அவர் மறைந்த பின்னர், 1948 முதல் கென்னல் கிளப் அதனை நடத்திவருகிறது. உலகப் புகழ்பெற்ற ‘கிரஃப்ட்ஸ்’ கண்காட்சி இதுவே.

பரிசு எதற்குத் தரப்படுகிறதோ அது வளரும் என்பது உலகியல். மூக்குக் குறுகிய நாய்க்குப் பரிசு தந்தால், அடுத்த தலைமுறையில் மூக்கு மேலும் குறுகும். எருதோடு பொருதும் கொடிய விளையாட்டுக்கு வளர்க்கப்பட்ட புல்டாக் இனம், 1835-இல் அவ்விளையாட்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின்னர்த் தொழிலற்றுக் கண்காட்சிக்கு வந்தது. தலை பெருத்து, முகம் தட்டையாகி, இன்று அவ்வினத்தில் பல நாய்கள் மூச்சுவிடவே திணறுகின்றன. பெரும்பாலான குட்டிகள் அறுவைச் சிகிச்சையாலேயே பிறக்கின்றன. வேகமும் வினையும் சோதிக்கப்படாத இடத்தில் வடிவம் மட்டும் தன் போக்கில் வளர்ந்ததன் விளைவு இது.

2008-இல் பி.பி.சி. தொலைக்காட்சி இக்குறைகளை ஒரு படத்தின் வாயிலாக வெளிப்படுத்தியபோது பெரும்புயல் எழுந்தது. மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்ப அந்நிறுவனம் முன்வரவில்லை. கென்னல் கிளப் 2009-இல் பல இனங்களின் இலக்கண விதிகளைத் திருத்தியது. 2012-இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குறைபாடு மிகுந்தவை எனக் கருதப்பட்ட 15 இனங்களில் முதலிடம் பெற்ற நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் சோதித்தனர். அவற்றுள் ஆறு தேறவில்லை. நடுவர் சிறந்தது என்றதை மருத்துவர் நலமற்றது என்றார்!

இரு கிளைகளையும் இணைக்கும் முயற்சிகள் நடவாமல் இல்லை. 1933-இல் அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் கீழ்ப்படிதல் போட்டியைத் தொடங்கினார். 1978-இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தடைதாண்டும் ஓட்டம் அறிமுகமாயிற்று. மந்தை நாயாகிய பார்டர் கோலி இனத்தை 1976-இல் ஏற்றுக்கொண்ட கென்னல் கிளப், வடிவத்தால் வென்ற அவ்வின நாய்க்கு ‘கண்காட்சி வாகையர்’ என்னும் பட்டத்தையே அளிக்கிறது. மேய்ப்புத் தேர்விலும் தேறினால்தான் அடைமொழியற்ற ‘வாகையர்’ என்னும் முழுப்பட்டம். அறிவார்ந்த இவ்வேற்பாடு எல்லா இனங்களுக்கும் இல்லை என்பதே குறை.

நம் மண்ணின் நாய்கள்

இவ்வழக்கு மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்களும் இன்று கண்காட்சிகளில் அணிவகுக்கின்றன. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இராசபாளையம் நாய் இடம்பெற்றது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட அவ்வினத்தில், தூய வெண்ணிறமே உயர்ந்தது என்று போற்றி இனப்பெருக்கம் செய்தனர். அவ்வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் பல குட்டிகளைத் தொடர்கிறது. காவல் நாய்க்குக் காது கேளாவிடில் வெண்மையால் ஆவது என்ன? மேனாட்டார் 150 ஆண்டுகள் பட்டு அறிந்ததை நாம் மீண்டும் தொடக்கத்திலிருந்து பட்டு அறிய வேண்டுவதில்லை. நிறத்தைப் பார்க்கும் நடுவர், முதலில் கைதட்டிக் காதையும் சோதிப்பாராக! ஓட்டத்தையும் காவலையும் சோதிக்கும் களங்களும் நம் இனங்களுக்கு அமையுமாக!

இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல், தொறுப்பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பெற்றது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. அதன் நிறம் யாது, உயரம் யாது, எவ்வமிசத்தில் பிறந்தது என்பவற்றைப் பொறிக்க வேண்டுமென்று அவ்வூரார் கருதவில்லை. அது செய்த வினை ஒன்றையே பொறித்தனர். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் கோவிவனின் பெயர் நிற்கிறது.