நாய்க்குக் கிடைத்த பார்வை, நமக்குள்ள பாடம்



பிரான்ஸின் பிரியார்ட் இன நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே பார்வையிழந்திருந்தன. காரணம், ஆர்பிஇ65 என்ற மரபணுவில் பழுது. அமெரிக்க ஆய்வாளர்கள் அம்மரபணுவின் நல்ல பிரதியைக் கண்ணுக்குள் செலுத்த, லான்சலொட் என்ற நாய் பார்க்கத் தொடங்கியது. அதே பழுதுள்ள மனிதர்களுக்கான மருந்துக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

தாய், தகப்பன் இருவரிடமும் இப்பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் கூடுகிறது. மச்சான், மச்சினி கலியாணம் நமக்குப் புதிதல்லவே!

விழித்திரைக் கலங்கள் உயிரோடிருந்தால்தான் அம்மருந்து பயன்தரும். ஆகவே, பிள்ளை இருட்டில் தடுமாறினால் மறைக்காமல், தாமதிக்காமல் கண் டொக்டரிடம் காட்டுவோம். சம்பந்தம் பேசும்போது குடும்பத்திலுள்ள கண் நோயையும் பேசுவோம்.