கையின் கட்டளை

திருகோணமலைக்கு வடக்கே, வயல்கள் சூழ்ந்த திரியாய்க் கிராமத்தின் குன்றிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்த அச்சாசனம் வணிகர் கூட்டத்தாரின் பெயர்களைச் சொல்கிறது. பாறையில் உளி பிடித்த கைகளின் பெயரை நாம் அறியோம். வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. கையையே நம்பி வாழும் கமக்காரரின் ஊரிலிருந்து கையின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமே.

கையை அசைப்பது எது? தவளையின் தசை மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கல்வானி, 1791இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1849இல் ஜெர்மானிய அறிஞர் டு புவா ரேமோன், மனிதன் தன் விருப்பப்படி கையை முறுக்கும்போது தசையில் மின்சாரம் பிறப்பதைக் கருவியிலே காட்டினார். எண்ணம் செயலாகும் பாதையை விஞ்ஞானம் அன்று தொட்டறிந்தது.

தொட்டறிந்ததை மனிதனுக்குத் திருப்பிக் கொடுக்க நூறாண்டு சென்றது. உலகப் போர் ஐரோப்பாவெங்கும் கையிழந்தோரை விட்டுச் சென்றிருந்த வேளையில், ஜெர்மனியின் ரைட்டர் தசைமின்சாரத்தால் இயங்கும் செயற்கைக் கையைச் செய்து 1948இல் அறிவித்தார். வெற்றிடக் குழாய்களால் ஆன அந்தச் சாதனத்தைத் தூக்கிச் செல்ல இயலாது, அது மறக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில் சோவியத் நாட்டின் கொப்ரின்ஸ்கி குழுவினர், டிரான்சிஸ்டரின் துணையால், உடலோடு அணியக்கூடிய கையை உலகுக்குக் காட்டினர்.

இன்று அதே தத்துவம் உள்ளங்கையளவான பலகைக்குள் அடங்கிவிட்டது. விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெருந்தசைகள் முன்கையிலேயே இருக்கின்றன. ஆகவே மணிக்கட்டோடு கை போனவரும் ‘பிடி’ என்று எண்ணினால் அத்தசை இறுகுகிறது. தசையின் மேல் இரண்டு மின்வாய்களையும், ஒப்புநோக்க முழங்கை எலும்பருகே ஒன்றையும் ஒட்டுகிறார்கள். கிடைக்கும் மின்னழுத்தம் வோல்ட்டில் ஆயிரத்திலொரு பங்களவே. உணரி அதைப் பெருக்கிச் சீராக்க, மைக்ரோகண்ட்ரோலர் எனும் சில்லு அதை எண்ணாக்கி, குறித்த எல்லையைக் கடந்ததும் மோட்டாரை இயக்குகிறது. மடக்கும் தசையிலும் நீட்டும் தசையிலும் தனித்தனி உணரி வைத்தால், மூடிய கையையும் விரித்த கையையும் அது பிரித்தறியும். வியர்வையும் மின்வாயின் இடப்பெயர்ச்சியும் கணக்கைக் குழப்பும். ஆளுக்கு ஆள் எல்லை மாறும். எனவே கருவியும் மனிதனும் ஒருவரையொருவர் பழக வேண்டும்.

இது நமக்கு வெறும் வேடிக்கையா? 1985இல் திரியாயின் வீடுகள் எரிக்கப்பட்டு மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 2009இல் போர் முடிந்த பின்னும் வடக்கு கிழக்கு மண்ணில் வெடிபொருள்கள் எஞ்சின. மிதிவெடி காலைப் பறித்தது. அறியாது கையில் எடுத்த வெடிபொருள் கையையும் கண்ணையும் பறித்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததோ 2017இல்தான். காலிழந்தோருக்கு ஜெய்ப்பூர்க் கால் வந்தது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் ரப்பரையும் மரத்தையும் கொண்டு உருவாக்கியது அது. வெறுங்காலோடு வயலில் இறங்கும் ஏழைக்காகவே அது பிறந்தது, அதனால்தான் பரவியது. கைக்கு அத்தகைய விடை இன்னும் முழுமையாக வரவில்லை. நவீனத் தசைமின் கைகளின் விலை உழவன் எட்டக்கூடியதன்று.

ஆனால் வழி அடைபடவில்லை. 2005இல் இத்தாலியில் மாணவருக்கென உருவான அர்டுயினோ பலகையின் வடிவமைப்பு யாவருக்கும் திறந்து விடப்பட்டது. சில்லு மலிந்துவிட்டது, அறிவு ஒளிந்திருக்கவில்லை. எஞ்சியிருப்பது கைவினைஞரும் மருத்துவரும் மாணவரும் ஒன்றுகூடும் பட்டறை. அதற்குச் செலவிட மனமுள்ள சமுதாயம். போருக்குப் பணம் தேடத் தெரிந்த உலகம், போர் பறித்த கைக்கும் அதைத் தேடியாக வேண்டும். முன்கையின் தசை இன்னும் கட்டளையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.