விருப்பாச்சி மலைவாழையும் ஆய்வுக்கூட ஒப்பந்தமும்

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலுக்குக் கீழே, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், பெரும்பாறை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கீழ்ப்பழனி மலையில், காப்பித் தோட்டங்களின் நிழற்பயிராகவும் மானாவாரித் தனிப்பயிராகவும் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டு வந்தது விருப்பாச்சி மலைவாழை. ஒருமுறை நட்டால் பக்கக்கன்றுகள் வழியே பல ஆண்டுகள் பலன் தரக்கூடியதும், ஈரப்பசை குறைந்த சதைப்பற்றால் பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்திற்கு ஏற்றதெனக் கருதப்பட்டதுமான இப்பயிர், 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்து, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது.

இவ்வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்க, குலை தள்ளாமலே மரத்தை வீணாக்கும் இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். அதை மரத்திற்கு மரம் கொண்டு செல்வது வாழை அசுவினி. தோட்டத்திற்குத் தோட்டம் கொண்டு சென்றதோ, நோய் வெளிப்படும் முன்பே பெயர்த்து நடப்பட்ட பக்கக்கன்று. நோய் கண்ட மரத்துக்கு மருந்தில்லை என்பதால், நோயற்ற நடவுப்பொருளை உண்டாக்குவதும் நோயுற்ற மரத்தை அழிப்பதுமே வழி.

இவ்விரண்டையும் ஒருவரே செய்ய இயலாது. 1971-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தடியன்குடிசையிலுள்ள தன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, குருத்து நுனியிலிருந்து செடி உருவாக்கும் திசு வளர்ப்பு முறையையும், தாய்மரத்தில் வைரஸ் உண்டா எனக் கண்டறியும் சோதனைகளையும் வழங்கியது. ஆயினும் ஒரு தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் சுற்றுப்புறத் தோட்டங்களும் நோய்க்கு ஆளாகும் என்பதால், மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பும் இம்முயற்சியில் இன்றியமையாத பங்காளியாயிற்று.

இக்கன்றுகளைப் பெருமளவில் பெருக்க வேண்டிய மூன்றாவது பங்காளியான தனியார் நிறுவனத்தின் நிலை வேறு. திசு வளர்ப்பு வணிகம் பெரிதும் சமவெளிக்குரிய கிராண்ட் நைன் வாழை வகையைச் சார்ந்தே வளர்ந்தது. சில மலையூர்களுக்கு மட்டும் வேண்டிய ஒரு வகைக்கு அத்தகைய சந்தை இல்லை. திசு வளர்ப்புக் கன்றுகளின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய முறையை 2006-இல் மத்திய அரசு கொண்டு வந்தது. ஆனால் சான்றிதழ் தரத்தை உறுதி செய்யுமேயன்றி, இலாபம் குறைந்த பயிரை உற்பத்தி செய்யும்படி எவரையும் கட்டாயப்படுத்தாது.

பல்கலைக்கழகத்திற்கும் நிறுவனத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்பதை இதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு அனுபவம் காட்டுகிறது. 2005-இல் அமெரிக்க உதவியுடன் கார்னெல் பல்கலைக்கழகம் வழிநடத்திய திட்டத்தின் கீழ், மஹிகோ நிறுவனத்தின் பூச்சி எதிர்ப்பு மரபணுவைத் தமிழ்நாட்டுக் கத்தரி வகைகளில் சேர்க்க உடன்பாடு ஏற்பட்டது. இதன்படி மரபணு நிறுவனத்துடையது, உள்ளூர் வகைகளோ மக்களிடமிருந்து வந்தவை. அவற்றைப் பயன்படுத்த 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் கோரும் அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. உயிரிப் பாதுகாப்பு பற்றிய பொது விவாதத்திற்குப் பின், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு பி.டி. கத்தரி எனப்படும் இந்த மரபணு மாற்றிய கத்தரிக்குத் தற்காலிகத் தடை விதித்தது.

மலைவாழையின் வரலாற்றில், பயிர் யாருடையது என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருந்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலையில் விளையும் மலைவாழைக்கும் பெறப்பட்ட புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட நிலத்தில் விளையும் பொருளின் பெயரைக் காக்கும் சட்ட உரிமை, விவசாயிகளின் கூட்டமைப்பின் பெயரிலேயே பதிவாயிற்று. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தமும் அந்த உரிமையைப் பெற்றது. ஆய்வு பல்கலைக்கழகத்துடையது, பெருக்கும் ஆற்றல் நிறுவனத்துடையது, பயிரும் பெயரும் விளைவித்தவர்களுடையவை. எனவே இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் விவசாயிகளின் அமைப்பு கையெழுத்திடும் தரப்பாக இடம்பெற வேண்டும்.