உழைத்தவன் பாட்டும் விற்றவன் கணக்கும்

பாட்டு யாருடையது? பாடியவனுடையதா, அதைத் தட்டில் பதித்து விற்றவனுடையதா? இது சங்கீத வித்துவான்களின் வழக்கு என்று நாம் ஒதுங்கிவிடுவதற்கில்லை. தோட்டத்துப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பாடத் துணிந்துள்ள இக்காலத்தில், இது கூலிப் பிரச்சினையே ஆகும். இதற்கு லண்டன் மாநகரின் ட்ரோஜன் இசைத்தட்டு நிறுவனத்தின் சரித்திரம் நல்லதொரு பாடமாகும்.

1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் ஜமைக்காத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் வடநாட்டார். ஆயினும் அவர்களைப் பிணித்த கயிறும், 1910இல் மலாயாவில் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கயிறும் ஒன்றே. அத்தீவில் பிறந்த இந்திய வம்சத்தவர் லீ கோப்தால் என்பார். அவர் லண்டனில் கணக்கராயிருந்தார். கில்பர்ன் பகுதியில் அவருக்குச் சொந்தமான கட்டிடத்தில் கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் குடிக்கூலிக்கு அமர்ந்தது. அவ்வுறவு கூட்டு வியாபாரமாய் வளர்ந்து, 1968இல் ட்ரோஜன் உருப்பெற்றது. ஜமைக்காவின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டியூக் ரீட் தம் ஒலிபெருக்கிகளை ஏற்றிச் சென்ற லாரியின் பெயரே அது.

ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த ஏழை மக்கள் கிங்ஸ்டன் நகரச் சேரிகளில் வளர்த்த ரெகே இசையை ட்ரோஜன் இங்கிலாந்தில் பரப்பிற்று. மலிவு விலைத் தொகுப்புத் தட்டுகளை வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகளும் விரும்பி வாங்கினர். 1971இல் டேவ், ஆன்செல் காலின்ஸ் இருவரின் தட்டும், 1974இல் கென் பூத்தின் தட்டும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. சேரியின் குரல் அரண்மனை நகரத்தை ஆட்டி வைத்தது!

நிற்க. பாடியவர் பெற்றது என்ன? ஜமைக்காவில் பாடகனுக்கு ஒரு சிறு தொகையை ஒரே முறை கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கமாயிருந்தது; உரிமை தயாரிப்பாளர் கையில் தங்கிற்று. 1972இல் ஐலண்ட் விலகியது. 1975இல் ட்ரோஜன் நொடித்து, வேறு கைக்கு விற்கப்பட்டது. வீட்டோடு பாத்திரம் போவதுபோல், நிறுவனத்தோடு பாட்டுகளும் போயின. தமக்குரிய பங்கு கிட்டவில்லை எனப் பாடகர் பலர் நெடுங்காலம் முறையிட்டனர். நம்மவனே முதலாளியானால் நியாயம் தானே வந்துவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே என நாம் உணர்தல் வேண்டும். குற்றம் ஒரு மனிதரைச் சார்ந்ததன்று. எழுத்தில்லாத முறையைச் சார்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2006இல் கோலாலம்பூரின் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் ‘வல்லவன்’ என்னும் தமிழ் ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன் புகழ் கடல் கடந்தது. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்திலும் அவர் குரல் ஒலித்தது. நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று இனி எவரும் சொல்லவியலாது. இல்லாதது கணக்கறிவே. செக்ரோலில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் எழுதப்பட்டது எனப் பார்க்கத் தெரியாத தொழிலாளி ஏமாந்தான். ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடும் பாடகனும் அவ்வாறே ஏமாறுவான். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதை அறிந்தவர் எத்தனை பேர்?

நம் சங்கங்கள் திருவிழாப் பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, இவ்விளைஞர்களுக்கு ஒரு வக்கீலை அமர்த்தச் செலவிடட்டும். பால்மரம் தோட்டத்துரைக்குச் சொந்தமாயிருந்தது. பாட்டாவது பாடுபவனுக்குச் சொந்தமாகட்டும்!