பழைய காரும் புதிய பாட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காரின் ஆயுளும் அதற்குள் பாடுகிற பெட்டியின் ஆயுளும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. 1950களில் கப்பலில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களில் சில இன்றும் ஓடுகின்றன. மாலை கட்டிக் கல்யாண வீட்டுக்குப் போகின்றன. அவை ஓடிய இந்த எழுபது வருடத்துக்குள் வால்வு வானொலி போய் ட்ரான்சிஸ்ரர் வந்தது, கசெற் வந்தது, சி.டி. வந்தது, எம்.பி.3 வந்தது, கடைசியில் கைத்தொலைபேசியே பாட்டுப்பெட்டி ஆகிவிட்டது. நம்மவர் பாட்டுக் கேட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இலங்கை வானொலியையும் அறிவிப்பாளர்களையும் கசெற் பதிவு செய்து கொடுத்த கடைகளையும் எழுதுகிறார்கள். பழைய வாகனத்தையும் புதிய பாட்டையும் வயரால் இணைத்துவிட்ட கைவேலையை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைச் சில்லறைத் திருத்த வேலை என்று ஒதுக்குவது பிழை என்பதே என் வாதம். இறக்குமதிக் கட்டுப்பாடு, பொருளாதாரத் தடை, பாதை அடைப்பு என்று வாகனத்தைப் புதுப்பிக்கும் வழி திரும்பத் திரும்ப அடைபட்ட ஓரிடத்தில், புதிய ஒலி ஊருக்குள் நுழைந்த வாசல்களில் முக்கியமான ஒன்று இந்த வேலைதான்.

பழைய கார்கள் இங்கே நிலைத்ததற்கு யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். சிக்கனம் உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் அரசின் கொள்கை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கத்துத் தட்டிவான்கள் பழைய சேசிஸில் மரக்கூடு கட்டி ஓடியதும் இந்தச் சூழலில்தான். அந்நாளைய பிரித்தானியக் கார்களில் வானொலி மேலதிகச் செலவு. பலவற்றில் அது இருந்ததே இல்லை. இருந்தவற்றிலும் வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும், எடுப்பது மத்திய அலையும் சிற்றலையும் மட்டும். திருச்சி வானொலி கொழும்பைவிடக் கிட்ட என்பதால் அது வடக்கில் நன்றாகக் கேட்கும். கூடவே டைனமோவின் முனகலும் பிளக் பொறியின் படபடப்பும் கேட்கும். அந்த இரைச்சலை அடக்கச் சரியான இடம் பார்த்து ஒரு கொண்டென்சரைப் பூட்டுவதுதான் கார் ஒலி வேலையின் முதல் பாடம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு நிலைமை மாறியது. யப்பானிய வான்கள் வந்தன, கசெற் ரேப் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை 1963இல் வெளியிட்டது. காரில் பூட்டும் கசெற் பெட்டி 1968இல் சந்தைக்கு வந்தது. நமது தெருக்களில் அது பெருகியது பத்து வருடம் பிந்தித்தான். இங்கே கவனிக்க வேண்டியது, பெட்டி புதிய வான்களில் மட்டும் பாடவில்லை என்பது. வானொலிக்கே இடம் விடப்படாத பழைய கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே தகரப் பட்டியில் தொங்கவிட்டு, பின் கண்ணாடியடிப் பலகையில் இரண்டு ஓட்டை வெட்டி ஸ்பீக்கர் வைத்தார்கள். வாடகைக் காருக்கும் மினிபஸ்ஸுக்கும் பாட்டு ஒரு தொழில் மூலதனம் ஆகிவிட்டது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டியவர்களுக்கு 12 வோல்ட் பற்றறியில் அம்பிளிபயர் ஓட்டுவது ஏற்கெனவே கைவந்த கலை. கார் ஒலி வேலைக்கு வேண்டிய அறிவு அந்த வழியில் ஊருக்குள்ளேயே தயாராக இருந்தது.

பிறகு 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தெற்கோடு இணைக்கும் ஆனையிறவுப் பாதை மூடியது. கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகுதான் வழி. எரிபொருளும் உலர்மின்கலமும் அரசின் தடைப்பட்டியலில் ஏறின. பெற்றோல் சொட்டுக் கணக்கில் விற்றது. அந்த நாள்களில்தான் ஏ-40 தன் மதிப்பைக் காட்டியது. அதன் எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயிலும் ஓடும்: காபுரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கக்கும், இழுவை குறையும், ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும். புதிய யப்பானியக் கார்கள் பல, கொட்டிலுக்குள் கட்டைமேல் ஏறி நின்றன. பாட்டின் கதையும் இதுவே. கடையில் வாங்கிய ரேப் ஊமையாய்க் கிடக்க, சைக்கிள் டைனமோ அதற்கு உயிர் கொடுத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினார்கள், அல்லது ஸ்ராண்டில் நிறுத்தி ஏறி மிதித்தார்கள். டைனமோ தருவது 6 வோல்ட் மாறுமின்சாரம். வானொலிக்கும் ரேப்புக்கும் வேண்டியது நேர்மின்சாரம். நடுவில் நான்கு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் வைத்தால் ஒத்துப்போகும். மிதி தளர்ந்தால் மோட்டார் தளரும், பாடகரின் குரல் தடித்து இழுபடும். வேகமாக மிதித்தால் கீச்சிடும். 1990இல் ஒலிக்கத் தொடங்கிய புலிகளின் குரல் வானொலியையும், எங்கே எது நடந்தது என்ற செய்தியையும், சினிமாப் பாட்டையும் பல வீடுகள் இந்த விதமாகவே கேட்டன.

சைக்கிளில் ஓடிய ரேப்புக்கும் காரில் பூட்டும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொருள் வேறு, ஆனால் கணக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று பொருந்தாத மின்மூலத்தையும் ஒலிப்பெட்டியையும் கைக்கு அகப்பட்ட உதிரிகளால் இணங்க வைப்பதே இரண்டிலும் வேலை. தடைக் காலத்தில் அந்தக் கணக்கை வானொலி திருத்துநர் மட்டும் போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டயோட்டின் எந்தப் பக்கம் கோடு என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இன்னொரு மறுப்பும் உண்டு: பழையதில் புதியதை ஒட்டுவது ஏழை நாடு எங்கும் நடப்பதுதானே, கேரளத்திலும் கொழும்பிலும் நடந்ததுதானே என்பது. நடந்தது. ஆனால் அங்கே ஒட்டுகிறவருக்குப் பக்கத்திலேயே புதியதை விற்கும் கடையும் இருந்தது. பணம் கூடினால் மாற்றிக்கொள்ளலாம். குடாநாட்டில் பணமிருந்தவருக்கும் பொருள் கிடையாது. வசதியானவரும் இல்லாதவரும் ஒரே திருத்துநரின் வாசலில் நின்ற காலம் அது. ஒரு கைவேலை ஊர் முழுவதற்கும் பொதுவான தேவையாவது அப்படியான இடத்தில்தான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது, ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தது. அதுவரை படகிலும் கப்பலிலும் வந்த சரக்கு இப்போது லொறி லொறியாக வரத் தொடங்கியது. மற்ற இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக, சந்ததிக்கு ஒன்றாக வந்தவை இங்கே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி விற்கப்பட்டன: கசெற், சி.டி., எம்.பி.3 தட்டு, பிறகு கையடக்கப் பாட்டுப்பெட்டி. ஐபொட் 2001 இறுதியில்தான் உலகச் சந்தைக்கு வந்தது; பாதை திறந்ததும் ஊர் பார்க்க வந்த புலம்பெயர்ந்த உறவுகளின் பையில் அதுவும் வந்தது. வந்த பெட்டியை எதில் கொளுவுவது? வானில் இருந்ததோ கசெற் மட்டும் விழுங்கும் செற். இங்கேதான் கசெற் வடிவ அடப்ரர் கைகொடுத்தது. அது பார்வைக்குக் கசெற், உள்ளே நாடா இல்லை. ஓரத்தில் ஒரு சிறு காந்தத் தலை. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் வெளியே வந்து 3.5 மில்லிமீற்றர் முனையில் முடியும். பெட்டியிலிருந்து வரும் ஒலி மின்னோட்டம் அந்தத் தலையில் காந்த அலைவாக மாற, எதிரே முகம் பொருந்தி நிற்கும் செற்றின் தலை அதை நாடா ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளும். உள்ளே பற்சக்கரங்கள் சுழல்வது, நாடா நின்றுவிட்டது என்று செற் எண்ணி வெளியே தள்ளிவிடாமல் இருக்க. இரண்டு தலைகளும் சற்று விலகினால் ஓசை மங்கும். திருத்துநர் சிறு ஆணியைத் திருகித் தலையைச் சரிக்கட்டுவார்.

கசெற் வாசல் இல்லாத செற்றுக்கு எஃப்.எம். மொடுலேற்றர் வந்தது. சிகரற் லைற்றர் துளையில் செருகினால் அது ஒரு குட்டி வானொலி நிலையம். செற்றை அதே அலைவரிசைக்குத் திருப்பினால் பாட்டு வரும். வருமென்று நம்பி வாங்கியவர் பலர் ஏமாந்தார்கள், காரணம் யப்பானில் இருக்கிறது. யப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து 90 வரை. அதை 95 வரை நீட்டியதே 2014க்குப் பிறகுதான். இலங்கையில் அது 88க்கு அண்மையில் தொடங்கி 108 வரை. யப்பானில் ஓடி றீகொண்டிஷனாக வந்த காரின் சொந்த செற், நமது நிலையங்களில் பெரும்பாலானவற்றைத் தொடவே முடியாது. மொடுலேற்றரை 101இல் வைத்துவிட்டு செற்றில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 88க்கும் 90க்கும் இடையிலான ஒடுங்கிய ஒழுங்கையில்தான் இரண்டும் சந்திக்க முடியும். அங்கே ஏதாவது நிலையம் பலமாக ஒலித்தால் அதுவும் போச்சு. இதற்கு மாற்று, அன்ரனா வயரின் நடுவில் பூட்டும் அலைவரிசை இறக்கி. அது 14 மெகாஹேர்ட்ஸ் இறக்குமானால் 98இல் வரும் நிலையம் செற்றின் முகத்தில் 84 என்று காட்டும். யப்பானியச் செற்றில் இந்த எண் நழுவலை அறியாமல் நிலையம் தேடுகிறவருக்கு இரைச்சல்தான் மிச்சம். சில கார்களில் மினிடிஸ்க் வாசலும் இருந்தது. போட்டுக் கேட்க ஒரு தட்டும் ஊரில் கிடையாமல் அது வெறும் துளையாகவே கிடந்தது.

இன்னும் பழைய கார்களில் சிக்கல் வேறு. ஏ-40உம் அக்கால மொறிஸ் மைனரும் நேர்முனை நிலம் கொண்டவை: பற்றறியின் நேர்முனை கார் உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய எல்லாப் பெட்டிகளும் எதிர்முனை நிலத்துக்காகச் செய்யப்பட்டவை, அவற்றின் தகரக்கூடே எதிர்முனை. அப்படியொரு பெட்டியை டாஷ்போர்டில் திருகினால், தகரம் தகரத்தைத் தொட்ட கணத்தில் பியூஸ் போகும். பியூஸ் இல்லாத வயர் என்றால் புகை வரும். திறமான வயரிங்காரருக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, பெட்டியை மரப்பலகை அல்லது ரப்பர்மேல் உட்கார வைத்து, அன்ரனாவையும் உடம்பிலிருந்து பிரித்து, தனி இரட்டை வயரால் மின் கொடுப்பது. மற்றது, காரையே மாற்றுவது: பற்றறியின் வயர்களை இடம் மாற்றி, இக்னிஷன் கொயிலின் இரு முனைகளையும் மாற்றி, டைனமோவின் எஃப் முனையைப் பற்றறியின் உயிர் வயரால் ஒரு நொடி தொட்டுப் பொறி பறக்கவிடுவது. அந்தத் தொடுகையில் டைனமோவின் காந்த எச்சம் திசை மாறி, அது புதிய முறையில் சார்ஜ் செய்யத் தொடங்கும். இந்த நுட்பத்துக்கு ஊரில் பாடப்புத்தகம் இல்லை. குருவின் கையைப் பார்த்துப் படித்ததுதான்.

இவ்வளவு பாடுபடுவானேன், பழைய செற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டினால் ஆயிற்றே என்பது பலமான மறுப்பு. பல ஓட்டோக்களில் அதுதான் நடந்தது. சீனத்து மலிவு யூ.எஸ்.பி. பலகை ஒன்றும் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் போதும். ஆனால் எல்லா வாகனமும் இடம் கொடுக்காது. புதிய செற்றுகளின் முகம் 180 மில்லிமீற்றர் அகலம், 50 உயரம். ஏ-40இன் இரும்பு டாஷ்போர்டில் அதற்காக வெட்டிய துளையை யாரும் பின்னர் அடைக்க முடியாது. கல்யாணக் காருக்கு வாடகை கிடைப்பதே அந்தப் பழைய முகத்துக்காக. யப்பானியக் கார்கள் சிலவற்றிலோ முகம் 200 மில்லிமீற்றர். புதியதை வைத்தால் பக்கங்களில் இடைவெளி நிற்கும், சிலவற்றில் குளிரூட்டியின் பொத்தான்களும் அதே பலகையோடு பிணைந்திருக்கும். ஆகவே உள்ளதைக் காப்பாற்றி அதன் முதுகில் ஒரு வாசல் திறப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனமான தெரிவு.

கைத்தொலைபேசி இந்தக் கதையை முடித்துவிட்டது என்றும் சொல்லக்கூடும். அப்படித் தெரியவில்லை. 2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது தளர்ந்தது 2025 பெப்ரவரியில். 1960களின் பழைய நாடகம் திரும்ப நடந்தது. ஐந்து வருடம் கார்கள் கிழடாகின, தொலைபேசிகளோ வருடாவருடம் மாறி, பல காது வயர் துளையையே இழந்தன. புளூருத் பெட்டி ஒன்றைப் பழைய செற்றின் ஓக்ஸ் வாசலில் கொளுவி, அதே பற்றறியில் சார்ஜும் ஏற்றினால் ஓர் ஊளை எழும். இரு வழிகளாலும் நிலம் தொட்டு வட்டமாகிவிடுவதால் வரும் அது. நடுவில் ஒரு சிறு மின்மாற்றியைப் பூட்டி நிறுத்துகிறார்கள். இன்னொன்று: டொயோட்டாவின் யப்பானிய வழிகாட்டித் திரைகள் சில, பற்றறியைக் கழற்றி மாட்டிய உடனே பூட்டிக்கொண்டு, யப்பானிய எழுத்தில் குறியீட்டை அல்லது மூல மெமரி கார்ட்டைக் கேட்கும். பற்றறி மாற்றியவருக்கு அது தெரியாவிட்டால் பாட்டும் போகும், வானொலியும் போகும்.

இந்த அறிவெல்லாம் எழுதப்படாமல் இருப்பதே எனக்குக் கவலை. நேர்முனையை மாற்றிய ஏ-40 ஒன்றில், மாற்றியதைச் சொல்லும் ஒரு துண்டுத் தாள்கூட பெரும்பாலும் இராது. பழைய கைநூலைப் பார்த்துப் பற்றறி பூட்டுகிற அடுத்தவர், அதற்குள் புதிதாக இருக்கும் பெட்டியைத்தான் முதலில் எரிப்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் தடைக் கால நினைவுகளைத் திரட்டும்போது சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கத்து வயரிங்காரர்களையும் உட்கார்த்திக் கேட்க வேண்டும், அவர்கள் வரைந்து வைத்த சுற்றுப்படங்கள் ஏதும் இருந்தால் பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு காரிலும் பியூஸ் பெட்டி மூடிக்குள் எந்த முனை நிலம், எந்த வருடம் மாற்றியது என்று எழுதி ஒட்டுவதை இன்றைக்கே தொடங்கலாம். அதற்கு எந்த நிதியும் வேண்டியதில்லை.