விதி 6.2.4

2013 ஐபிஎல் பேச்சு வந்தால் சின்னமனூர் டீக்கடையில் இன்றைக்கும் குரல் தாழ்ந்துவிடும். மே 26 அன்று ஈடன் கார்டன் இறுதியாட்டத்தில் சென்னை 23 ரன்னில் மும்பையிடம் தோற்றது. தோனி 63 ரன்னோடு கடைசிவரை நின்றார். ஆனால் ஊர் அதற்கு முன்பே கலங்கியிருந்தது. மே 16-ல் ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் ராஜஸ்தான் வீரர்கள் மூவர் கைதானார்கள். மே 24 இரவு, சென்னை அணி நிர்வாகத்தில் வலம்வந்த குருநாத் மெய்யப்பன் பந்தயப் புகாரில் மும்பையில் கைதானார். அவர் உரிமையாளரே அல்ல, கௌரவ உறுப்பினர்தான் என்று அணியின் உரிமையாளரான இந்தியா சிமெண்ட்ஸ் கைகழுவியது.

பாண்டியர் வம்சாவளியைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்த ஊர்க்காரன் நான். ஏட்டில் இருப்பதை நம்புகிறவன். செய்தித்தாள்களை ஓரம் வைத்துவிட்டுத் தீர்ப்புகளுக்குள் இறங்கினேன். இந்தக் கறை என்றைக்கு விழுந்தது?

முதலில் எடுத்தது உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜனவரி 22 தீர்ப்பு. டி.எஸ். தாக்கூர், காரைக்குடிக்காரரான கலிஃபுல்லா இருவரும் அமர்ந்த அமர்வு. இந்தப் புகார்களை விசாரித்த முத்கல் குழு திரட்டிய சான்றுகளை ஏற்று, குருநாத் அணியின் அதிகாரிதான், பந்தயம் கட்டியதும் உண்மை என்றார்கள். குருநாத்தின் மாமனாரும் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவருமான என். சீனிவாசன் விஷயத்தை மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தீர்ப்பின் பெரும்பகுதி வேறொன்றைத் துருவுகிறது: கிரிக்கெட் வாரியத்தின் விதி 6.2.4.

வாரிய நிர்வாகி எவரும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேராகவோ மறைமுகமாகவோ வணிக லாபம் பார்க்கக் கூடாது என்பது பழைய விதி. 2008 ஜனவரியில் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் ஏலம் எடுத்தபோது, அதன் நிர்வாக இயக்குநர் சீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். முதல் ஐபிஎல் ஜூனில் முடிந்தது. செப்டம்பர் 27-ல் விதி திருத்தப்பட்டது: ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு விலக்கு. அணி முதலில், அதற்கேற்ற விதி பிறகு! இந்தத் தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா வழக்கே போட்டார். 2011 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு வேறு முடிவு சொன்னார்கள். பஞ்சால் மனுவைத் தள்ளினார். ஞான் சுதா மிஸ்ரா திருத்தம் செல்லாது என்றார். கைதுக்கு இரண்டு ஆண்டு முந்திய எச்சரிக்கை அது.

தண்டனையும் தாமதமாகவே வந்தது. இத்தாலியில் 2006-ல் தொலைபேசி உரையாடல்கள் வெளியாகி, நடுவர் நியமனத்தில் கைவைத்ததற்காக யுவென்டஸ் கால்பந்து அணி பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அந்தக் கோடையிலேயே தண்டனை வந்தது. இங்கே 2015 ஜூலை 14 வரை காத்திருந்தோம். தண்டனையை முடிவுசெய்ய உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டுத் தடை போட்டது. குருநாத்துக்கு ஆயுள் தடை. விதித் திருத்தம் ஜனவரியிலேயே ரத்தாகியிருந்தது.

என் தேடலின் முடிவு இது: கறை விழுந்த நாள் 2008 செப்டம்பர் 27. 2013 பருவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தேதியிலிருந்து தொடங்குங்கள்.